நாமா, நாங்களா?

கேள்வி: ஆசிரியர் அவர்களுக்கு, நான் அனுப்பிய விண்வெளிக் கதையை இரண்டே வரியில் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். ஒரு விண்கலம் காலச்சுழலில் சிக்கப்போகிறது. ஆறு நாள் கழித்து இருக்கும் கேப்டன், சின்னக் கலம் ஒன்றில் பின்னோக்கி வந்து, இன்றைய கேப்டனை எச்சரிக்கிறான். இவன் கலத்தைத் திருப்புகிறான். நாற்பது பேரும் பிழைக்கிறார்கள். இதில் ‘தர்க்கம் இடிக்கிறது’ என்கிறீர்கள். காலப்பயணமே கற்பனை, அதில் என்ன தர்க்கம்? இல்லை, சூலூர்பேட்டைப் பையன் விண்கலம் ஓட்டுவதுதான் உங்களுக்கு இடிக்கிறதா?
- வாசகர், சூலூர்பேட்டை

பதில்: இரண்டு வரியில் திருப்பி அனுப்பியது என் தவறு. மன்னியுங்கள். அந்தக் கதையை மூன்று முறை படித்தேன். பிடிக்காத கதையை யாரும் மூன்று முறை படிப்பதில்லை. அதனால் இப்போது விரிவாகவே சொல்கிறேன்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சூலூர்பேட்டைப் பையன் ஓட்டாமல் வேறு யார் ஓட்டுவது? பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீஹரிகோட்டா தீவில் ராக்கெட் கிளம்பினால் இந்தப் பக்கம் வானத்தைப் பார்த்து நிற்கிற ஊர் உங்களுடையது. ஏவுகிற நாளில் பழவேற்காட்டுக்காரர்கள் கடலுக்குப் போகாமல் படகைக் கரையிலேயே போட்டு வைக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த பையன் உங்கள் கதையில் இல்லையே என்பதுதான் என் குறை. பெயர் மட்டும் நம்ம பக்கத்துப் பெயர். வாயைத் திறந்தால் டப்பிங் படத்துப் பேச்சு. வீட்டில் அப்பாவை ‘நைனா’ என்று கூப்பிட்டு வளர்ந்தவன், கலம் உடையப்போகிற நேரத்தில் ‘ஓ, கடவுளே’ என்றா சொல்வான்?

சரி, தர்க்கத்துக்கு வருகிறேன். கற்பனைக்குத் தர்க்கம் வேண்டாம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாட்டி சொல்லும் பேய்க்கதையில்கூட பேய்க்கு ஒரு சட்டம் உண்டு. புளியமரத்தை விட்டு நகராது, விளக்கு வெளிச்சத்துக்குள் வராது. அந்தச் சட்டம் இருப்பதால்தான் விளக்கு அணையும்போது நமக்குப் பயம் வருகிறது. உங்கள் கதையில் வந்தவன் எச்சரித்தான், கலம் திரும்பியது, விபத்து நடக்கவில்லை. விபத்தே நடக்கவில்லை என்றால், ஆறு நாள் கழித்து எச்சரிக்கப் புறப்பட்டவன் யார்? ‘சிரித்தபடி மறைந்தான்’ என்று ஒரே வரியில் இதைத் தாண்டிவிட்டீர்கள்.

பெரிய மூளைகள் இந்த இடத்தில் நின்று யோசித்திருக்கின்றன. 1949-ல் கர்ட் கோடல் என்ற கணித மேதை ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு ஒரு தீர்வு கண்டார். மொத்தமாகச் சுழலும் ஒரு பிரபஞ்சம் அது. அதில் முன்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் சொந்தக் கடந்தகாலத்திலேயே வந்து சேரும் பாதைகள் இருந்தன. இயற்கையே இப்படிப்பட்ட பாதைகளை அடைத்துவிடும் என்று ஸ்டீபன் ஹாக்கிங் 1992-ல் ஊகித்தார். இகோர் நோவிகோவ் என்ற ரஷ்ய இயற்பியலாளரின் கருத்து வேறு. பாதை இருந்தாலும் முரண்பாடு நடக்காது, பின்னோக்கி வந்தவன் செய்வதும் ஏற்கெனவே நடந்து முடிந்ததில் ஒரு பகுதிதான் என்பது அவர் கட்சி. டேவிட் டாய்ச் என்ற இயற்பியலாளர் 1991-ல் பல உலகங்கள் என்ற கருத்தைக் கொண்டு இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அதன்படி வந்தவன் இறங்கும் உலகம் வேறு, அவன் விட்டுவந்த உலகம் வேறு.

இதில் எது உண்மை என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒன்றை எடுத்துக்கொண்டு அதற்குரிய விலையைக் கொடுங்கள், போதும். நோவிகோவ் பக்கம் போனால், எச்சரிக்கையைக் கேட்டுக் கலத்தைத் திருப்பியதே அதைச் சுழலுக்குள் கொண்டுபோய்த் தள்ள வேண்டும். டாய்ச் பக்கம் போனால், பிழைத்த நாற்பது பேர் வந்தவனுடைய நாற்பது பேர் இல்லை. அவனுடைய ஆட்கள் செத்தது செத்ததுதான். அவன் சிரிக்கவும் முடியாது, மறையவும் முடியாது. இன்னொருவன் கேப்டனாக இருக்கும் கலத்தில், இன்னொருவனின் முகத்தோடு மிச்ச ஆயுளைக் கழிக்க வேண்டும். எழுதினால் எப்பேர்ப்பட்ட கதை அது!

அப்புறம், உங்கள் கேப்டன் ஏன் உடனே கீழ்ப்படிகிறான்? வந்தவன் தோற்றவன். அவன் இடது பக்கம் போய்க் கெட்டான் என்பதாலேயே வலது பக்கம் நல்லதாகிவிடுமா? கேப்டன் நாற்காலியில் இருப்பவன், எச்சரிக்கை தன் முகத்தோடே வந்தாலும் அதை எடைபோட்டாக வேண்டும்.

இதற்கு உதாரணம் தேடி விண்மீன்களுக்குப் போக வேண்டாம், ஸ்ரீஹரிகோட்டா போதும். 1979 ஆகஸ்ட் 10. செயற்கைக்கோளைச் சுமந்த எஸ்.எல்.வி-3 ராக்கெட் கிளம்பவிருந்த கடைசி நேரத்தில் கணினி ஏவுதலை நிறுத்தியது. பக்கத்திலிருந்த நிபுணர்கள் ‘பாதகமில்லை’ என்றார்கள். திட்ட இயக்குநர் அப்துல் கலாம் கணினியை மீறி ஏவச் சொன்னார். இரண்டாம் நிலையில் கட்டுப்பாடு போய், ராக்கெட் வங்கக்கடலில் விழுந்தது. முடிவெடுத்தது நான்தான் என்று கலாமே பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 11 மாதம் கழித்து, 1980 ஜூலை 18, அதே தீவு, அதே கவுண்ட்டவுன். அன்றைக்கு அந்த அறையில் 1979-ன் கலாமும் கூடவே நின்றிருக்க மாட்டாரா? அவர் என்ன சொல்லியிருப்பார், ‘நிறுத்து’ என்றா, ‘கிளப்பு’ என்றா? இரண்டையும் கேட்டுக்கொண்டு 1980-ன் கலாம்தான் முடிவெடுக்க வேண்டும். எடுத்தார். 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனது. அதே தீவில் 2019 ஜூலை 15 அதிகாலை, 56 நிமிடம் 24 நொடி மிச்சமிருக்கும்போது சந்திரயான்-2-ஐ நிறுத்தினார்கள். 22-ஆம் தேதி அது கிளம்பியது. நிறுத்துவது எப்போதும் சரி என்றோ, மீறுவது எப்போதும் தப்பு என்றோ யாரும் எழுதித் தர முடியாது.

1979-ல் தோற்ற அன்று பத்திரிகையாளர்கள் முன்னால் போய் நின்று பொறுப்பை ஏற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். வென்ற அன்று கலாமைப் பேசச் சொல்லிவிட்டார். இதையும் கலாம்தான் சொல்லியிருக்கிறார். உங்கள் கதையை மூன்றாம் முறை படித்தபோது எனக்குத் தவான் நினைவு வந்தது. உடனே ஒரு கேள்வியும் வந்தது. நாற்பது பேர் செத்த கலத்திலிருந்து கேப்டன் மட்டும் எப்படி வெளியே வந்தான்? சின்னக் கலத்தில் ஒருவனுக்குத்தான் இடம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவன் எச்சரிக்க வந்தானா, ஓடி வந்தானா? கதை முழுக்க இதை யாருமே கேட்கவில்லை. தன்னையே நேருக்கு நேர் பார்க்கிற ஒருவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதானே?

இப்போது நான் பென்சிலால் கோடு போட்ட இடம். கதவு திறக்கிறது. வந்தவன், ‘நாம் எல்லோரும் செத்துப்போனோம்’ என்கிறான்.

எந்த நாம்? எதிரில் நிற்பவனைச் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். உங்கள் பக்கத்துத் தெலுங்கிலும் மனமு, மேமு என்று இதே பிரிவு உண்டு. உங்கள் தெருவில் இரண்டு மொழி பேசும் சின்னக் குழந்தைகூட இதைத் தப்பாகச் சொல்லாது. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான், இந்த வாய்ப்பே அவருக்குக் கிடையாது. உங்களுக்குக் கிடைத்தது, நீங்கள் கவனிக்கவில்லை. வந்தவன் ‘நாம்’ என்றால் அது பொய், எதிரில் நிற்கும் கேப்டன் சாகவில்லை. ‘நாங்கள்’ என்றாலும் பொய், சொல்கிறவனும் சாகவில்லை. சொந்தக் கலத்து ஆட்களைப் பற்றி, ‘அவங்க எல்லாரும் செத்துட்டாங்க’ என்று மட்டும்தான் அவனால் சொல்ல முடியும். அந்த ‘அவங்க’ காதில் விழுந்ததும் இன்றைய கேப்டனுக்கு எல்லாம் புரிந்துவிடும்.

அதே பக்கத்தில் கேப்டன் வந்தவனை முதலில் ‘நீங்கள்’ என்கிறான், நாலு வரி தள்ளி ‘நீ’ என்கிறான். காரணமில்லாமல் மாறுகிறது. ஆறு நாள் மூத்தவன், நம்ம பக்கத்துக் கணக்கில் அண்ணன். அண்ணா என்று ஆரம்பித்தவன், ‘அவங்க’ என்ற சொல்லைக் கேட்டபிறகு ‘நீ’ என்று இறங்கினால், அவன் கோபத்தைச் சொல்ல உங்களுக்கு வேறு வாக்கியமே தேவைப்படாது.

கதையைத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஏழாம் பக்கத்தில் கோடு இருக்கும். அங்கிருந்து மறுபடி எழுதுங்கள். எழுதி முடித்ததும் தபாலில் போட வேண்டாம். சூலூர்பேட்டையில் ரயில் ஏறினால் தடா தாண்டியதும் ஆரம்பாக்கம். கையோடு கொண்டு வாருங்கள், இங்கேயே உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.