உடன்படிக்கைகளில் இரத்தம் ஏன் இடம்பெறுகிறது?

வேதாகமத்தில் கடவுள் செய்யும் உடன்படிக்கைகள் ஏன் இரத்தத்தோடு பிணைந்திருக்கின்றன என்ற கேள்விக்கு, ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்குவதே சரியாக இருக்கும்.

அங்கே, பின்னாளில் ஆபிரகாம் எனப்பட்ட ஆபிராம், கடவுள் தமக்குத் தந்த வாக்குறுதிக்கு உறுதி கேட்டபோது, அவர் சொன்னபடி ஒரு கிடாரியையும் வெள்ளாட்டையும் ஆட்டுக்கடாவையும் நடுவே துண்டித்து, துண்டங்களை எதிரெதிராக வைக்கிறார். பறவைகளை மட்டும் துண்டிக்கவில்லை. அத்தகைய துண்டங்களுக்கு நடுவே நடப்பவர், வாக்குத் தவறினால் தமக்கும் இதே கதி நேரட்டும் என்று ஏற்றுக்கொள்கிறார் என்பதை எரேமியா 34:18 உணர்த்துகிறது. ஆனால் ஆபிராம் அயர்ந்து உறங்க, கடவுளின் பிரசன்னத்துக்கு அடையாளமாகப் புகைகிற சூளையும் எரிகிற தீப்பந்தமும் மட்டுமே அவற்றினூடே கடந்து செல்கின்றன; அதாவது, உடன்படிக்கையின் முழுப் பொறுப்பையும் கடவுள் தாமே ஏற்கிறார். மீட்பின் வரலாறு முழுவதற்கும் திறவுகோலாக நான் கருதுவது இந்தக் காட்சியைத்தான்.

நோவாவுக்குத் தரப்பட்ட வானவில்லும் அடையாளமே, எனினும் அதில் இரத்தம் இல்லை. சீனாய் மலையடியில் மோசே பலியின் இரத்தத்தில் பாதியைப் பலிபீடத்தின்மேலும், மக்கள் கீழ்ப்படிவதாக உறுதியளித்தபின் மீதியை அவர்கள்மேலும் தெளித்தார். அந்த உறுதியை அவர்கள் காக்கவில்லை. எனவே எரேமியா 31ஆம் அதிகாரம், இருதயத்தில் எழுதப்படும் புதிய உடன்படிக்கையை முன்னறிவிக்கிறது. இறுதி இராவுணவில் இயேசு கிண்ணத்தை எடுத்து, அது தமது இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கை என்றபோது, மீறியவர்கள் ஏற்கவேண்டிய தண்டனையை ஆபிராமுக்கு வாக்களித்த கடவுளே சிலுவையில் ஏற்கிறார் என்பது கிறிஸ்தவ விசுவாசம்.