வேனின் கடைசி சீட்

அன்புள்ள அக்காவுக்கு,

என் மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். சின்ன வயதிலிருந்தே அவனுக்குத் திக்குவாய். இந்த வருடம்தான் புதுப் பள்ளியில் சேர்த்தோம். வேனில் வரும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் இவனைக் கடைசி சீட்டுக்கு இழுத்துப்போய், "உன் பேரைச் சொல்லு" என்கிறானாம். இவன் திக்கித் திக்கிச் சொல்ல, வேனே சிரிக்கிறதாம். இரண்டு மாதமாக இது நடக்கிறது. ஞாயிறு ராத்திரி ஆனால் வயிறு வலிக்கிறது என்பான். போன வாரம்தான் அழுதுகொண்டே சொன்னான், யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டான். "திருப்பி ஒண்ணு விட்டா அடங்கிடுவான்" என்கிறார் என் கணவர். எனக்கோ வேன் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பையனின் அம்மாவைக் கேட்டுவிடலாம் போல இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பெயர் வேண்டாம், திருப்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில், அந்தக் குழுவில் எதுவும் போட்டுவிடாதீர்கள். அரை மணி நேரத்தில் அது இரண்டு அம்மாக்களின் சண்டையாகிவிடும், மறுநாள் காலையில் அதே வேனில் ஏறப்போவது உங்கள் மகன்.

நான் ஏழாவது படிக்கும்போது என் நிறத்தை வைத்து ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள், பிரேயர் வரிசையில்கூட அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் தாங்க முடியாமல் அப்பாவிடம் சொன்னேன். அவர் மறுநாளே பள்ளிக்கு வந்து, வகுப்பு வாசலில் நின்று, அந்தப் பட்டப்பெயரை வைத்த பெண்ணை எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். என்மேல் இருந்த பிரியத்தில்தான் செய்தார். ஆனால் அன்று மதியம் ஒருத்தியும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை, பட்டப்பெயரோடு கோள்மூட்டி என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. அதற்கப்புறம் பத்தாவது முடியும்வரை வீட்டில் நான் எதையுமே சொல்லவில்லை, அப்பா கேட்டால் "ஒண்ணும் இல்லப்பா" என்பேன்.

உங்கள் மகன் சத்தியம் வாங்கிக்கொண்டதும் இந்தப் பயத்தில்தான் என்று நினைக்கிறேன். அந்தப் பையனுக்குப் பயப்படுவது ஒரு பக்கம், சொன்னால் பெரியவர்கள் என்ன செய்துவைப்பார்களோ என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டு மாதமாக நடப்பதை மூடி வைக்கவும் முடியாது, அதனால் அதையும் அவனிடமே சொல்லிவிடுங்கள்: "நீ சொன்னது ரொம்ப நல்லதுடா, இதை அப்படியே விட முடியாது, ஆனா உனக்குத் தெரியாம அம்மா ஒண்ணும் செய்ய மாட்டேன்." யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதை அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். அவன் ஒரு நாள் பொறுக்கச் சொன்னால் பொறுங்கள்.

உங்கள் கணவரின் கோபம் புரிகிறது. ஆனால் இது சம பலமுள்ள இரண்டு பேரின் சண்டை இல்லை. பள்ளிப் பிள்ளைகளிடையே நடக்கும் இந்தக் கொடுமையை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வேயஸ். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது என்று அவர் சொன்ன மூன்றும் அந்தக் கடைசி சீட்டில் இருக்கின்றன. திருப்பி அடித்து இவன் தோற்றால், அப்பா சொன்னதைக்கூடச் செய்ய முடியவில்லையே என்ற வெட்கமும் சேர்ந்துவிடும்.

அந்தப் பையன் பேரைக் கேட்பதைக் கவனித்தீர்களா? திக்குகிறவர்கள் பலருக்குச் சொந்தப் பெயரைச் சொல்வதுதான் ரொம்பக் கஷ்டம். மற்ற வார்த்தை வராவிட்டால் அதே அர்த்தத்தில் இன்னொன்றைப் போட்டுச் சமாளிக்கலாம், பெயருக்கு அப்படி மாற்று கிடையாது. பயத்திலும் அவசரத்திலும் திக்கல் கூடும். அதனால் வீட்டில் அவன் திக்கும்போது வார்த்தையை எடுத்துக்கொடுக்காதீர்கள், "மெதுவாச் சொல்லு" என்றும் சொல்ல வேண்டாம், முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். பேச்சுப் பயிற்சி தருபவரிடம் இதுவரை காட்டவில்லை என்றால் காட்டுங்கள், ஆனால் திக்குவதால்தான் இது நடக்கிறது, அதைச் சரி செய்தால் போதும் என்று அவனுக்குத் தோன்றும்படி மட்டும் ஆகிவிடக் கூடாது. தப்பு அவன் பேச்சில் இல்லை.

சரி, பள்ளி. தேதி, நடந்தது, வேன் நம்பர் எல்லாம் எழுதி முதல்வரிடம் நேரில் கொடுங்கள், ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். பள்ளி வாகனத்தில் உதவியாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்று 2012இல் கொண்டுவந்த தமிழ்நாட்டு விதிகளே சொல்கின்றன, உங்கள் வேனில் யார் இருக்கிறார், எங்கே உட்காருகிறார் என்று கேளுங்கள். உங்கள் மகனுக்கு முன் சீட் வேண்டும், நாளைக்கே வேண்டும். இரண்டு பேரையும் அறைக்குள் கூப்பிட்டு "கை குடுத்துக்கோங்க" என்று சொல்லும் பழக்கம் பல பள்ளிகளில் உண்டு, அது வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யார் சொன்னது என்று அந்தப் பையனுக்குத் தெரியாமல், டிரைவரோ உதவியாளரோ கண்ணால் பார்த்ததை வைத்தே அவனை விசாரிக்க முடியும்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கக் காரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தன்னைச் சாதி சொல்லித் துன்புறுத்தியதைப் பள்ளியில் சொன்ன பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். உங்கள் மகனின் விஷயம் அதுபோல இல்லை, பயமுறுத்தவும் இதைச் சொல்லவில்லை. ஆனால் புகார் கொடுத்த பிள்ளையை அதற்கப்புறம் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எந்தப் பள்ளியிலும் கேட்டே ஆக வேண்டும் என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன். பள்ளி அசையாவிட்டால் கல்வித்துறை உதவி எண் 14417, குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

அப்புறம், சிரித்த பிள்ளைகள். இந்தக் கொடுமையைத் தடுக்கப் பின்லாந்தில் உருவான கிவா என்ற பள்ளித் திட்டம், அடிக்கிறவனை விட வேடிக்கை பார்க்கிறவர்கள்மேல்தான் அதிகக் கவனம் வைக்கிறது. வேன் சிரிக்காவிட்டால் அந்தப் பையனுக்குப் பேர் கேட்பதில் என்ன சுவாரசியம் இருக்கும்? வேனில் வரும் எல்லாப் பிள்ளைகளையும் நீங்கள் மாற்ற முடியாது. இன்று ராத்திரி சாப்பாடு போடும்போது மகனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "வேன்ல எல்லாரும் சிரிக்கும்போது யாருடா சிரிக்கல?" யோசிக்காமலே ஒரு பெயர் சொல்லுவான் என்று நம்புகிறேன். அந்தப் பிள்ளை எந்த ஸ்டாப்பில் ஏறுகிறது என்று விசாரித்து, இந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு விளையாடக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
அக்கா