நியூ ஆர்லியன்ஸ் கபில்டோ பதிவேடு: அது ஜூலை இல்லை

கபில்டோ, அதாவது ஸ்பானிய ஆட்சிக்கால நியூ ஆர்லியன்ஸ் நகர்மன்றத்தின் பதிவேட்டில் 1788 ஜூலை பக்கங்களை முழுக்கப் புரட்டியும் அந்த மனை விண்ணப்பம் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கிடைக்காது, ஏனென்றால் உங்கள் குறிப்பில் 5-க்குப் பக்கத்தில் இருக்கும் 7-ஐயும் அதன் தலையில் பொடியாக ஏறி நிற்கும் மூன்று எழுத்துகளையும் ஏழாவது மாதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். பெயரிலேயே லத்தீன் 'ஏழு' இருப்பதால் அக்கால ஸ்பானிய எழுத்தர்கள் செப்டம்பரைத்தான் அப்படிச் சுருக்கினார்கள். அதே கணக்கில் 8 போட்டால் அக்டோபர், 9 நவம்பர். கிழமையை வைத்தும் சரிபார்க்கலாம். அந்த நகர்மன்றத்தின் வழக்கமான கூட்டம் வெள்ளிக்கிழமைதான்; 1788 செப்டம்பர் 5 வெள்ளி, ஜூலை 5 சனி.

அப்புறம் பெயர். நீங்கள் பிரெஞ்சுப் பெயரை வைத்துத் தேடுகிறீர்கள், எழுத்தரோ ழானை ஹுவான் என்றும் பியேரைப் பெத்ரோ என்றும் ஸ்பானிய வழக்குக்கு மாற்றியிருப்பார், அதனால் முதல் பெயரை விட்டுவிட்டுக் குடும்பப் பெயரை மட்டும் பிடியுங்கள், அதிலும் எழுத்துகள் முன்னே பின்னே இருக்கும்.

மூலப் பதிவேடு நியூ ஆர்லியன்ஸ் பொது நூலகத்தில் இருக்கிறது. 1930களில் தட்டச்சு செய்த ஸ்பானியப் படியும் ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. மொழிபெயர்ப்பில் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு மூலத்துக்குப் போவதுதான் புத்திசாலித்தனம், அதை மட்டும் நம்பி மேற்கோள் காட்டாதீர்கள்.

ஒன்று மட்டும்: அந்த வருடம் மார்ச் 21 தீயில் 850க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின, அதற்குப் பிந்தைய மாதங்களில் நகர்மன்றத்திடம் மனை கேட்டிருந்தால் அது விண்ணப்பமாக இந்தப் பதிவேட்டில் இருக்கலாம். ஆனால் தனியாரிடம் விலைக்கு வாங்கிய வீடு என்றால் நோட்டரி ஆவணங்களைத்தான் பார்க்க வேண்டும்.