மதுரையில் கணவன் மனைவி இருவரும் முழுநேர வேலைக்குப் போகிறோம். நாய் வளர்த்து, தினமும் நடைக்குக் கூட்டிப்போக முடியுமா?

தாராளமாக முடியும். கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது: காலை எட்டரைக்கு இருவரும் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஏழு ஆகிறது, அடுக்குமாடியில் இரண்டாம் தளம், சிப்பிப்பாறைக் குட்டி வாங்க ஆசை. எங்கள் வீட்டு நிலைமையும் ஏறத்தாழ இதுதான். நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், வீட்டுக்காரர் வங்கியில். மகள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். திருநகரில் குடியிருக்கிறோம், பகலில் வீட்டில் ஆள் கிடையாது. எங்களிடம் இருப்பது செவலை என்ற நாட்டு நாய், பெட்டை. நல்ல ஆரோக்கியமாக, சந்தோஷமாக இருக்கிறாள். அந்தச் சிப்பிப்பாறை விஷயம் மட்டும் எனக்கு உறுத்துகிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் பகல் முழுக்க நாயோடு இருக்க முடியவில்லையே என்றுதான் கவலைப்படுகிறார்கள். நம் ஊர் வெயிலை நினைத்துப் பாருங்கள். மாசி பாதியிலிருந்து புரட்டாசி வரைக்கும் காலை எட்டு மணிக்கு மேல் மாலை ஆறு வரை, வேலையே இல்லாமல் வீட்டில் இருப்பவர்கூட நாயைத் தெருவில் இறக்கக் கூடாது. நாய்க்கு உடல் சூடு இயல்பாகவே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். நமக்கு வியர்ப்பதுபோல் அதற்கு உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். வெளிக்காற்றே 40 டிகிரியில் இருந்தால் மூச்சிரைத்தும் பயன் குறைவு. தார் ரோடு அதைவிட மோசம். புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு எண்ணும் வரை பொறுக்க முடியவில்லை என்றால் நாயின் பாதம் வெந்துபோகும் என்று அர்த்தம். அக்னி நட்சத்திரத்தில் இரவு ஏழு மணிக்கும் நான் குனிந்து ரோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன்.

ஆக, ஆபீஸ் எடுத்துக்கொள்ளும் நேரமெல்லாம் வெயில் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட நேரம்தான். வளர்ந்த நாய் அந்த நேரத்தைப் பெரும்பாலும் தூங்கியே கழிக்கும். விடியற்காலையும் இருட்டிய பிறகும் உங்கள் கையில் இருக்கிறது. அந்த இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டால் போதும், கூடவே மத்தியானம் கதவைத் திறந்துவிட ஒரு ஆள்.

காலை நடைதான் அஸ்திவாரம். ஐந்தேகாலுக்கு இறங்கி ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவோம். மே மாதம் ஆறு மணிக்கு முன்பே சூரியன் எட்டிப்பார்த்துவிடும், மார்கழி தையில் ஆறரை ஆகும். அதனால் குளிர்காலத்தில் டார்ச் லைட் கட்டாயம். திருநகரில் மூன்றாவது ஸ்டாப் பக்கத்துத் தெருக்கள் ஒரு நாள், நேரம் இருந்தால் வண்டியில் உட்காரவைத்துத் தென்கால் கண்மாய்க்கரை ஒரு நாள். நகருக்குள் இருப்பவர்கள் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கலாம், ஆனால் ஆறு மணிக்கு மேல் அங்கே நடைப்பயிற்சிக்கு வருபவர்களின் கூட்டம் சேர்ந்துவிடும், நாயைக் கண்டால் பயப்படுகிறவர்களும் அதில் இருப்பார்கள். சீக்கிரம் போய்விட்டு வந்துவிடுவதுதான் நமக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

ஐந்தரைக்கெல்லாம் வாசல் தெளித்துக் கோலம் போட ஆரம்பித்துவிடுவார்கள். கோலம் போட்ட பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கமாகக் கூட்டிப்போங்கள். ஈரக் கோலத்தில் நாய் காலைத் தூக்கிவிட்டால் அந்தத் தெருவில் அப்புறம் உங்களுக்கு மரியாதை இருக்காது. கையில் பழைய பேப்பரும் ஒரு கவரும் எப்போதும் இருக்கட்டும். அள்ளி எடுத்துக் குப்பையில் போட அரை நிமிடம்கூட ஆகாது.

நடை என்றால் வேகமாக நடப்பது என்று நினைத்து நாயை இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். அது மோந்து பார்க்கத்தான் வெளியே வருகிறது. ஒரு வேப்பமரத்தடியில் செவலை இரண்டு நிமிடம் நின்றாலும் நான் நிற்பேன். ராத்திரி அந்தப் பக்கம் யார் யார் போனார்கள் என்பது முழுவதும் அவளுக்கு அங்கே கிடைத்துவிடும். நாற்பது நிமிடம் மோந்துகொண்டே நடந்த நாய் வீட்டுக்கு வந்து நிம்மதியாகப் படுத்துவிடும். அதே தூரத்தைப் பத்து நிமிடத்தில் இழுத்துக்கொண்டு வந்தால், நாம் ஆபீஸ் போன பிறகு செருப்பைக் கடிக்கும், கதவைப் பிராண்டும். பகலில் நாய் செய்யும் சேட்டையில் பாதிக்கு மேல் காலையில் சரியாக நடக்காததால் வருவது என்பது என் அனுபவம்.

நடந்து முடித்ததும் வாசல் படியில் உட்கார்ந்து நாலு காலையும் பார்ப்பேன். இதை மட்டும் எவ்வளவு அவசரமானாலும் விடக் கூடாது. கண்மாய்க்கரைக்குப் போன அன்று பாத மெத்தைகளுக்கு நடுவே நெருஞ்சி முள் ஏறியிருக்கும், சில நாள் சீமைக்கருவேல முள். அவள் நொண்ட மாட்டாள், காலைக் கொஞ்சம் பூப்போல வைப்பாள், அவ்வளவுதான். விரலால் மெத்தையை விலக்கிப் பிடித்து முள்ளை எடுக்கும்போது காலை இழுத்துக்கொள்ளாமல் என் முகத்தையே பார்ப்பாள். அப்புறம் உண்ணி. காதுக்குள் மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடியில், கால்விரல் இடுக்கு, வால் அடி: இந்த நாலு இடத்தையும் விரலால் தடவினால் மிளகு மாதிரி தட்டுப்படும். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட வேண்டும், நசுக்கக் கூடாது. மண்ணெண்ணெய் தடவுகிற பழக்கம் இங்கே நிறையப் பேருக்கு இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், தோல் புண்ணாகிவிடும், நக்கினால் வயிற்றுக்கும் போகும். மாதாமாதம் போடும் உண்ணி மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் எடை சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்ணிக் காய்ச்சல். நம் ஊர் வெப்பத்துக்கு வருஷம் முழுக்க உண்ணி இருக்கும். காய்ச்சல் கண்ட நாய் சாப்பாட்டை ஒதுக்கும், ஈறு வெளுக்கும், சிலதுக்கு மூக்கில் ரத்தம் வரும். பகல் முழுக்க வீட்டில் இல்லாதவர்களுக்கு இது சட்டென்று தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது எதிர்வீட்டுப் பெரியம்மாவால்தான்.

மத்தியான ஆள் என்று சொன்னேனே, அவர்தான் அது. வளர்ந்த நாய் சிறுநீரை அடக்கிக்கொண்டு ஆறு முதல் எட்டு மணி நேரம் இருக்கும். எட்டரையிலிருந்து ஏழு என்றால் பத்தரை மணி நேரம். பழகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது பழக்கமாகாது, வேறு வழியில்லாமல் அடக்கிக்கொண்டு கிடக்கும், நாளாவட்டத்தில் உடம்புக்குக் கெடுதல். பெரியம்மாவிடம் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று இருக்கிறது. பன்னிரண்டரை மணிவாக்கில் வந்து கதவைத் திறந்து, நிழலான பக்கத்தில் பத்து நிமிடம் விட்டு, தண்ணீர் மாற்றிவிட்டுப் போவார். காசு கொடுத்தால் வாங்க மாட்டார். அவருக்கு மருந்து வாங்கித் தருவது, பேங்க் வேலை, கரண்ட் பில் எல்லாம் எங்கள் பொறுப்பு. ஒரு நாள் சாயங்காலம் நான் வண்டியை நிறுத்தும்போதே, “ஏத்தா, ஒன் பிள்ளை ரெண்டு நாளா மத்தியானம் எந்திரிக்கவே மாட்டேங்குது, கூப்பிட்டா கண்ணை மட்டும் தொறந்து பாக்குது” என்றார். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்ததால் மாத்திரையிலேயே சரியாகிவிட்டது. உங்கள் மாடியில் இப்படி ஒருவர் கிடைக்கவில்லை என்றால் சம்பளத்துக்கு ஆள் வையுங்கள், அல்லது இருவரில் ஒருவர் மத்தியானம் வந்துபோகிற தூரத்தில் வேலை இருக்க வேண்டும். இந்த ஒன்றுக்கு வழி இல்லையென்றால் இப்போதைக்கு நாய் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பகலில் வீட்டுக்குள் அவளைக் கட்டிப்போடுவதில்லை. ஹாலில் ஃபேன் ஓடும், கரண்ட் போனாலும் சமாளிக்க ஈரச் சாக்கு ஒன்று தரையில் கிடக்கும், இரண்டு மண்சட்டியில் தண்ணீர். ஒன்றைத் தட்டிவிட்டாலும் இன்னொன்று இருக்கும். கிளம்பும்போது உப்புப் போடாத தயிர்சோற்றைச் சின்னக் கிண்ணத்தில் ஃப்ரீசரில் உறையவைத்துக் கொடுத்துவிடுவேன். அரை மணி நேரம் அதை நக்கிக்கொண்டிருப்பாள், நாங்கள் போவதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மொட்டைமாடியில் தகரக் கொட்டகைக்கு அடியில் சங்கிலியில் கட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கொதிக்கிறது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவு, எப்போதும் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாயைப் போதிய அளவு நடக்கவைக்காமல் விடுவதையே கொடுமை என்று சொல்கிறது. நடைக்குக் கூட்டிப்போவது நாய்க்குச் செய்யும் சலுகை என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

மாலை நடை எங்கள் வீட்டில் முறை வைத்து நடக்கிறது. யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் பையை வைத்துவிட்டு உடனே இறங்க வேண்டும். உட்கார்ந்து காபி குடித்தால் போயிற்று, எழுந்திருக்க மனசு வராது. ஜூலையிலும் செப்டம்பரிலும் கணக்குத் தாக்கல் நெருக்கடியில் எனக்கு ஆபீஸில் ஒன்பது மணிகூட ஆகும். அந்த நாட்களில் மாலை நடை வீட்டுக்காரர் பொறுப்பு, காலை நடையை நான் இன்னும் கால் மணி நேரம் நீட்டிக்கொள்வேன். மாலை ஒருநாள் குறைந்தால் அவள் பொறுத்துக்கொள்கிறாள். காலை தவறினால் அன்று முழுக்க நிலைகொள்ள மாட்டாள்.

தெருநாய்களுக்குப் பயந்தே பலர் நடையை நிறுத்திவிடுகிறார்கள். ஒரே நேரம், ஒரே பாதை என்று வைத்துக்கொண்டால் கொஞ்ச நாளில் அவை உங்களை அடையாளம் கண்டுகொள்ளும். கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, நாயைச் சுவர்ப்பக்கம் விட்டு, நிற்காமல் ஓடாமல் அதே வேகத்தில் கடந்துவிடுங்கள். கம்பை வீசினால் நிலைமை கெடும். வெறிநாய்த் தடுப்பூசியை வருஷம் தவறாமல் போட்டுவிட வேண்டும். உங்களை ஏதாவது நாய் கடித்தாலோ கீறினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக ராஜாஜி மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக: நடந்து வந்ததும் வயிறு நிறையப் போடாதீர்கள், அரை மணி நேரமாவது ஆறட்டும். நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு ஒரு மணி நேரம் விடுவது நல்லது, வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. மிஞ்சின கறிக்குழம்பை ஊற்றாதீர்கள், அதில் வெங்காயம் இருக்கிறது, நாயின் ரத்தத்துக்கு அது விஷம். வேகவைத்த கோழி எலும்பும் வேண்டாம்.

இப்போது சிப்பிப்பாறை. சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் கரிசல் காட்டில் முயல் விரட்டிய வேட்டை நாய்கள். ஓடுவதற்கென்றே அமைந்த உடம்பு. கயிறு பிடித்து நாற்பது நிமிடம் நடப்பது அதற்குப் போதவே போதாது, வேலி போட்ட திறந்தவெளியில் தினமும் அவிழ்த்துவிட்டு ஓடவிட வேண்டும். ஊருக்கு வெளியே தோட்டம் துரவு உள்ளவர்கள் வளர்க்கட்டும். அடுக்குமாடியில் பத்து மணி நேரம் தனியாக அதை விடுவது பாவம். ஹஸ்கி வேண்டவே வேண்டாம், அது பனிக்கான உடம்பு. பக் மாதிரி சப்பை மூக்கு நாய்க்கு நம் வெயிலில் மூச்சுவிடுவதே சிரமம். உங்களுக்குச் சரியாக வருவது நாட்டு நாய்தான். குட்டை முடி, வெயிலுக்குப் பழகின உடம்பு, தீனியிலும் பிடிவாதம் இல்லை.

குட்டியாக வாங்காமல் ஒன்றரை, இரண்டு வயது நாயாகப் பாருங்கள். மூன்று மாதக் குட்டி மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்காது, தடுப்பூசிகள் முடியும் வரை பார்வோ என்ற தொற்றுநோய்ப் பயத்தில் தெருவிலும் இறக்க முடியாது. வீட்டில் ஆள் இருந்தால்தான் அது நடக்கும். தெருவில் மீட்டு, கருத்தடை செய்து, வீடு தேடிக்கொண்டிருக்கிற வளர்ந்த நாய்கள் மதுரையில் நிறைய இருக்கின்றன. உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரிடம் கேட்டாலே சொல்வார்.

அடுக்குமாடிச் சங்கம் தடுத்தால் பயப்பட வேண்டாம். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வளர்ப்பு நாய் கூடாது என்று சங்கம் விதி போட முடியாது. ஆனால் அந்தக் காகிதத்தை நீட்டுவதற்கு முன்னால் பக்கத்து வீடுகளில் ஒரு வார்த்தை நேரில் பேசிவிடுங்கள். மத்தியானம் கதவைத் திறந்துவிடப் போகிறவரும் அவர்களில் ஒருவராகத்தான் இருப்பார். அவர் சரி என்று சொன்னதும் ஆடி மாதம் கூட்டி வாருங்கள். காலைக் காற்று அப்போது நன்றாக இருக்கும், இருவரும் மாற்றி மாற்றி ஒரு வாரம் லீவு போட்டால் வீடு பழகிவிடும், தீபாவளி வெடிச் சத்தம் வருவதற்குள் உங்களோடு ஒட்டிக்கொள்ள அதற்கு இரண்டு, மூன்று மாதம் கிடைக்கும்.