கேட் தேர்வின் கணக்குப் பகுதி – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

பெங்களூரு அல்சூரில் தங்கி, எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பி.காம். படித்தவள், பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழி. வரும் நவம்பரில், ஐ.ஐ.எம். போன்ற மேலாண்மைக் கல்லூரிகளில் சேர்வதற்கான கேட் (CAT) தேர்வு எழுதவிருக்கிறேன். மாக் டெஸ்டுகளில், அதாவது மாதிரித் தேர்வுகளில், ஆங்கிலம், தரவு–தர்க்கம் என்ற மற்ற இரண்டு பகுதிகளிலும் 85 பெர்சன்டைலுக்குக் (நூற்றில் 85 பேரை முந்தும் நிலை) குறையாமல் வருகிறது. கணக்கில் மட்டும் ஐம்பதைத் தாண்ட முடியவில்லை. சனி, ஞாயிறுகளில் கோச்சிங் போகிறேன். வாரம் ஒரு பாடமாகப் பாதிக்கு மேல் முடித்தாயிற்று. சூத்திரங்களை எழுதி வைத்த நோட்டும் நிறைந்துவிட்டது. ஆனாலும் மதிப்பெண் நகரவில்லை. கணக்குக்கென்று தனியாக இன்னொரு வகுப்பில் சேரலாமா? தமிழ்வழியில் படித்ததுதான் காரணமா?

மா., பெங்களூரு

அன்புள்ள மா.,

இன்னொரு வகுப்பு வேண்டாம். தமிழ்வழியில் படித்ததும் காரணமில்லை. ஆங்கிலப் பகுதியில் 85 எடுப்பவருக்குக் கணக்கின் வாசகம் விளங்காமல் போக வழியில்லை. ‘நாலில் மூணு பங்கு’ என்று மனத்துக்குள் தமிழில் ஓட்டிப் பார்ப்பதால் எவருக்கும் நேரம் வீணாவதுமில்லை. கல்லூரியில் வணிகவியல் மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில் இதை உறுதியாகவே சொல்வேன்.

உங்கள் கடிதத்தில் முடித்த பாடங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள், சூத்திர நோட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். மாக் டெஸ்டில் தவறிப்போன கணக்குகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மதிப்பெண் நின்றுபோயிருப்பது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

மூன்று கணக்குகளைப் பாருங்கள். அரிசி விலை 25 சதவீதம் ஏறினால், செலவு கூடாமலிருக்க வாங்கும் அளவை எவ்வளவு குறைக்க வேண்டும்? வழக்கமான வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கு வேகத்தில் போன பஸ் 15 நிமிடம் தாமதமாகச் சேர்ந்தது. வழக்கமாக ஆகும் நேரம் எவ்வளவு? ஐந்து பேர் செய்யும் வேலைக்கு நான்கு பேர் மட்டும் வந்தால் நாட்கள் எவ்வளவு கூடும்? வகுப்பில் இவை சதவீதம், வேகம், வேலையும் நேரமும் என்று மூன்று வாரங்களில் நடந்திருக்கும். மூன்று சூத்திரங்களாக உங்கள் நோட்டில் ஏறியிருக்கும். உள்ளே இருப்பது ஒன்றுதான்: இரண்டு அளவுகளின் பெருக்கற்பலன் மாறாதபோது ஒன்று 4-லிருந்து 5 ஆனால் மற்றொன்று 5-லிருந்து 4 ஆகும். அரிசியில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 சதவீதம் குறைக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரம் காற்பங்கு கூடியிருக்கிறது. அந்தக் காற்பங்கே 15 நிமிடம் என்பதால் வழக்கமான நேரம் 60 நிமிடம். வேலையில் நாட்கள் காற்பங்கு கூடும். எக்ஸ் என்று வைத்துச் சமன்பாடு எழுதினாலும் இதே விடைகள்தாம் வரும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிடம் போய்விடும். அண்மை ஆண்டுகளில் கணக்குப் பகுதியில் 22 கேள்விகளுக்கு 40 நிமிடம், அதாவது கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை.

இந்த உறவு பாடத்தை நடத்தும்போது கண்ணில் படாது. தவறிய கணக்கோடு மறுபடி உட்காரும்போதுதான் படும். ஆகவே புதுப் பாடங்களைச் சில வாரங்கள் நிறுத்திவையுங்கள். ஒவ்வொரு மாக் டெஸ்டுக்கும் மறுநாள், தவறியவற்றையும் விட்டுவிட்டவற்றையும் விடைக்குறிப்பைத் திறக்காமல் மீண்டும் போடுங்கள். ஒரு கணக்குக்குப் பதினைந்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. பிறகு ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதுங்கள்: வழி தெரியவில்லையா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா, கூட்டிப் பெருக்குவதில் சறுக்கினீர்களா, வழி தெரிந்தும் நேரம் போனதா. ஒரு வாரம் கழித்து அதே கணக்குகளைத் திரும்பவும் போட்டுப் பாருங்கள். விடைக்குறிப்பைப் படித்ததும் புரிந்துவிட்டதாகத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பி அடுத்த பாடத்துக்குப் போய்விட்ட பல நல்ல மாணவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

முதலில் எண்கணிதம், அடுத்து இயற்கணிதம் என்ற வரிசையே போதும். கேள்வித்தாளில் பெரும்பங்கு இவற்றுக்குத்தான். திரையில் கால்குலேட்டர் உண்டு என்றாலும் மவுஸால் ஒவ்வோர் எண்ணாக அழுத்துவதற்குள் மனக்கணக்கு முடிந்துவிடும். ஆறில் ஒன்று 16.67 சதவீதம், ஏழில் ஒன்று 14.29, எட்டில் ஒன்று 12.5, பன்னிரண்டில் ஒன்று 8.33 என்பவை சட்டென நாவில் வர வேண்டும். சில்க் போர்டு நெரிசலில் ஆபீஸ் பஸ் நிற்கும் நேரம் இதற்குப் போதும்.

எந்தக் கணக்கை விடுவது என்பதையும் பழக வேண்டும். 22-ஐயும் போட்டாக வேண்டும் என்ற எண்ணம் உங்களைப் போன்ற உழைப்பாளிகளையே அதிகம் கெடுக்கிறது. பாதிக் கணக்குகளைப் பிழையின்றி முடிப்பவர்கள் பெரும்பாலும் மிக உயர்ந்த பெர்சன்டைலைப் பெற்றுவிடுகிறார்கள். முதல் சுற்றில் படித்தவுடன் வழி தெரிகிறவற்றை மட்டும் போடுங்கள். மற்றவை இரண்டாம் சுற்றுக்கு. சரியான விடைக்கு 3 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். நான்கு விருப்பங்களில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால், சராசரியில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விருப்பத்தை உறுதியாக நீக்க முடிந்தால் கணக்கு உங்கள் பக்கம் சாயும். விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்விகளில் தவறுக்கு மதிப்பெண் குறையாது என்பதால் அவற்றை வெறுமையாக விடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. தேர்வில் கணக்கு மூன்றாவதாக, முந்தைய இரண்டு பகுதிகளுக்கும் சேர்த்து 80 நிமிடம் உழைத்த பிறகு வருகிறது. நீங்கள் அதிகாலையில் தெளிந்த தலையோடு கணக்குப் போட்டுப் பழகுகிறவராக இருந்தால், வாரத்தில் இரண்டு நாளாவது அலுவலகம் முடிந்து வந்தபின், ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டுரைகளும் தரவுக் கேள்விகளும் பார்த்துவிட்டு, அதன் பிறகு 40 நிமிடம் கணக்குக்கு உட்காருங்கள். உங்கள் ஊரில் பன்னேர்கட்டா சாலையிலுள்ள ஐ.ஐ.எம். உட்படப் பல ஐ.ஐ.எம்.களில், மொத்தப் பெர்சன்டைலோடு பகுதிவாரியான கட்-ஆஃபையும், அதாவது ஒவ்வொரு பகுதியிலும் எட்ட வேண்டிய குறைந்தபட்ச வரம்பையும் பார்க்கிறார்கள். மற்ற இரண்டில் நீங்கள் நன்றாகச் செய்வது கணக்கின் குறையை ஈடுசெய்யாது.

அடுத்த மாக் டெஸ்டில் தவறிய கணக்குகளில் மூன்றை, நீங்கள் போட்ட வழியை அழிக்காமல் அப்படியே எனக்கு அனுப்புங்கள். எந்த வரியில் திசை மாறியது என்று பார்த்து எழுதுகிறேன்.