அந்த ஹீமோகுளோபின் 9.6 எதனால் என்று முதலில் பாருங்கள்
ஏற்காடு எஸ்டேட்டில் இருக்கும் அப்பாவுக்கு 62 வயது, சிஸ்டமிக் மாஸ்டோசைட்டோசிஸ் (ஒவ்வாமையில் பங்கேற்கும் மாஸ்ட் செல்கள் உடலில் அளவுக்கு மீறிச் சேரும் நோய்), ஹீமோகுளோபின் 9.6, பிளேட்லெட் 1.3 லட்சம், ஆபத்தா என்று கேட்டிருந்தீர்கள். பிளேட்லெட்டை விட எனக்கு உறுத்துவது அந்த 9.6 தான். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே, பிளேட்லெட் 1 லட்சத்துக்குக் கீழே, வயது 60-க்கு மேல், இதெல்லாம் இந்த நோயின் முற்றிய வகையில் அது எப்படிப் போகும் என்று கணிக்கும்போது பாதகமாகச் சேர்பவை, கூடவே எஸ்ஆர்எஸ்எஃப்2 மாதிரி மரபணு மாற்றங்களும். ஆனால் வெறும் இரும்புச்சத்துக் குறைவிலும் 9.6 வரும், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் சோதனை), வைட்டமின் பி12 பார்க்காமல் மாஸ்ட் செல் மேல் பழி போட முடியாது. பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு சேலத்தில் ஒரு ஹெமட்டாலஜிஸ்ட்டை (ரத்த நோய் நிபுணரை) பாருங்கள், எண் இறங்கிக்கொண்டே வருகிறதா என்பது முக்கியம். அப்புறம், காபித் தோட்டத்தில் தேனீ கொட்டினால் இந்த நோய் உள்ளவர்களுக்குக் கடும் ஒவ்வாமை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம், அதற்கு உடனே போடும் அட்ரினலின் ஊசி கையில் வைத்திருக்க வேண்டுமா என்றும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.