டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைகள் பெரியவர்கள் ஓ.பி.க்கு மாறும்போது: கேள்வி பதில்

சிறு வயதிலேயே டைப் 1 சர்க்கரை வந்த பிள்ளைகள் குழந்தை மருத்துவரை விட்டுப் பெரியவர்களுக்கான மருத்துவரிடம் மாறும் காலம் பற்றிப் பெற்றோரும் இளைஞர்களும் கேட்டவை இவை. பதில் சொல்பவர் குழந்தைகள் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்.

பையனுக்கு 12 வயது முடியப்போகிறது. அரசு மருத்துவமனையில் "இனிமேல் பெரியவங்க ஓ.பி.க்குப் போங்க" என்கிறார்கள். இவ்வளவு சீக்கிரமா டாக்டர்?
— தாய், விழுப்புரம்

நம்மூரில் பல அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவின் வரம்பு 12 வயதுதான். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016இல் தந்த வழிகாட்டுதலில், மாற்றத்துக்கான திட்டத்தையே 13, 14 வயதில்தான் தொடங்கச் சொல்கிறது. இங்கே அந்த வயது வருவதற்குள் பிள்ளை இடம் மாறிவிடுகிறான். வரம்பை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் அதனால் விடுபட்டுப்போகும் இரண்டு வேலைகளை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று, உயரமும் எடையும். பெரியவர்கள் ஓ.பி.யில் உயரம் அளப்பது வழக்கமில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீட்டுச் சுவரில் கோடு போட்டு அளந்து தேதியோடு எழுதுங்கள். வளர வேண்டிய வயதில் ஆறு மாதம் உயரம் கூடவில்லை என்றால் இன்சுலின் போதவில்லை, அல்லது தைராய்டு பார்க்க வேண்டும் என்று பொருள்.

இரண்டு, டோஸ். பருவமடையும்போது சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கும். நாளொன்றுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.7 யூனிட் போட்டுவந்த பிள்ளைக்கு 1.2, சிலருக்கு அதற்கு மேலும் தேவைப்படும். புது டாக்டர் பழைய சீட்டைப் பார்த்து அதே டோஸை எழுதிவிடலாம். வீட்டு மீட்டர் கணக்கைக் காட்டி "ஏற்ற வேண்டுமா?" என்று நீங்களே கேளுங்கள். அங்கே முதல் முறை பார்த்து இன்சுலின் வாங்கும் வரை பழைய இடத்தின் அட்டையையும் தொடர்பையும் விட வேண்டாம்.

பழைய ஃபைல் நாலு கிலோ இருக்கிறது. எதைக் கொண்டுபோக வேண்டும்?
— தந்தை, ஈரோடு

ஃபைல் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும். குழந்தை மருத்துவரிடம் ஒரே ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். நோய் கண்டறிந்த தேதி. அப்போது கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறி ஐ.சி.யூ.வில் இருந்தாரா; டைப் 1தானா என்று உறுதிசெய்ய உதவும் சி-பெப்டைடு, காட் எதிர்ப்பொருள் சோதனை செய்திருந்தால் அதன் முடிவு; இப்போது போடும் இன்சுலினின் பெயர், வேளைவாரியாக யூனிட்; கடைசி இரண்டு வருட எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனை) அளவுகள்; கண், சிறுநீர் ஆல்புமின், தைராய்டு பரிசோதனைகளின் தேதி; நினைவு தப்பும் அளவுக்குச் சர்க்கரை இறங்கியது எத்தனை முறை. இவை போதும்.

இந்தத் தாளின் முதல் வரி "டைப் 1, இன்சுலினை நிறுத்தக் கூடாது" என்றே இருக்க வேண்டும். பெரியவர்கள் ஓ.பி.க்கு வருபவர்களில் பெரும்பாலோர் டைப் 2. கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும் 18 வயதுப் பையனை அந்தக் கூட்டத்தில் டைப் 2 என்று எண்ணி, இன்சுலினைக் குறைத்து மாத்திரை எழுதிவிடும் அபாயம் உண்டு. டைப் 1இல் உடம்பு இன்சுலினைச் சுரப்பதே இல்லை, அல்லது மிகச் சொற்பம். ஊசி நின்றால் ஓரிரு நாளில் கீட்டோன் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். மாத்திரை மட்டும் எழுதிய சீட்டு கையில் வந்தால் வெட்கப்படாமல் திரும்பிப் போய்க் கேளுங்கள்.

புது இடத்தில் பேனா கொடுத்தார்கள். பேனா ஊசி தீர்ந்த அன்று, கேட்ரிட்ஜிலிருந்து (பேனாவுக்குள் போடும் மருந்துக் குழாய்) பழைய சிரிஞ்சில் எடுத்துப் போட்டோம். மகள் மயங்கிவிட்டாள். என்ன தவறு?
— தாய், தென்காசி

சிரிஞ்சும் மருந்தும் பொருந்தவில்லை. நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கும் இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனா கேட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்ச் 40க்கு உரியது, ஆரஞ்சு மூடி 100க்கு உரியது. சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு என்பது கால் மில்லி. கேட்ரிட்ஜிலிருந்து அதை எடுத்தால் உள்ளே போவது 25 யூனிட், இரண்டரை மடங்கு. தலைகீழாக, 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 கோடு எடுத்தால் 4 யூனிட்தான் போகும். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று தெரியாமல் தவிப்பீர்கள். கேட்ரிட்ஜைப் பேனாவில் மட்டும் போடுங்கள். அவசரத்துக்கு ஒரு 40 குப்பியும் இரண்டு சிவப்பு மூடி சிரிஞ்சும் தனி டப்பாவில் இருக்கட்டும்.

இன்னொன்று. இடம் மாறும்போது காலை, இரவு என இரண்டு வேளை 30/70 கலவை இன்சுலினுக்கு (30 பங்கு வேகமாக, 70 பங்கு மெதுவாக வேலை செய்வது) மாற்றுவார்கள். சாப்பாடு நேரம் தவறாதவர்களுக்கு அது ஓடும். கல்லூரி, வேலை என்று நேரம் மாறும் பிள்ளைக்கு அது ஒத்துவராது. நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் அடிப்படை இன்சுலின் தனியாக, ஒவ்வொரு வேளைக்கும் போடும் சாப்பாட்டு இன்சுலின் தனியாக வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. முடிந்தால் மருத்துவமனையை மாற்றும் அதே வாரத்தில் இன்சுலின் வகையையும் மாற்றாதீர்கள்.

மகனுக்கு 17 வயது. இன்றும் நான்தான் ஊசி போட்டுவிடுகிறேன். திடீரென்று அவனிடம் கொடுத்தால் சரியாகுமா?
— தாய், மதுரை

திடீரென்று கொடுக்காதீர்கள். முதல் மாதம் அவன் கையாலேயே ஊசி போடட்டும், யூனிட்டை நீங்கள் சொல்லுங்கள். அடுத்து அவன் யூனிட்டைச் சொல்லட்டும், நீங்கள் தலையாட்டுங்கள். மூன்றாவதாக, ஓ.பி.யில் டாக்டரிடம் அவனே பேசட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருங்கள் (இதுதான் அம்மாக்களுக்கு மிகக் கடினம்). கடைசியாக இன்சுலின் தீரும் தேதியைக் கணக்கிட்டு வாங்கிவரும் பொறுப்பு. பலரும் இதை மறந்துவிட்டு ஊசி போடுவதை மட்டும் கற்றுக்கொடுக்கிறார்கள். 10 மில்லி குப்பியில் 400 யூனிட். நாளுக்கு 50 யூனிட் என்றால் எட்டு நாளில் தீரும். இந்தக் கணக்கு அவனுக்கு வர வேண்டும்.

பொறுப்பைக் கொடுத்த பிறகும் வாரம் ஒரு முறை மீட்டரின் நினைவகத்தை இருவரும் சேர்ந்து பாருங்கள். நோட்டில் எல்லாம் 120, 130 என்று அழகாக இருந்து, எச்பிஏ1சி மட்டும் 11 என்று வந்தால் ஊசி தவறுகிறது. எடை குறையட்டும் என்று வேண்டுமென்றே ஊசியை விடும் பிள்ளைகளும் உண்டு, குறிப்பாகப் பெண்பிள்ளைகள். அங்கே திட்டினால் நோட்டு இன்னும் அழகாகுமே தவிர வேறு பயன் இல்லை. டாக்டரிடம் தனியாகப் பேசவிடுங்கள்.

ஹாஸ்டலில் ஃபிரிட்ஜ் இல்லை. காய்ச்சல் வந்தால் பார்க்க ஆளும் இல்லை. என்ன செய்வது?
— முதலாண்டு மாணவர், கோவை

திறந்த இன்சுலின் 30 டிகிரிக்குக் குறைவான இடத்தில் பொதுவாக நான்கு வாரம் தாங்கும். வெயில் காலத்தில் அறை வெப்பம் அதைத் தாண்டும். ஒரு பெரிய மண்சட்டிக்குள் சிறியதை வையுங்கள்; இடைவெளியில் ஆற்றுமணல் நிரப்பிக் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள்; குப்பியை ஈரம் படாத மூடிய டப்பாவில் போட்டு உள்ளே வைத்து, ஈரத்துணியால் மூடுங்கள். காற்றோட்டமான நிழலில் இருந்தால்தான் குளிரும். கையிருப்பை வார்டன் ஃபிரிட்ஜின் கதவுப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். உறைந்துபோன இன்சுலினைத் தூக்கி எறிய வேண்டும். தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கினாலும், கலங்கலாக இருக்க வேண்டியது உருட்டியும் கட்டிகட்டியாக நின்றாலும் அப்படியே.

காய்ச்சலன்று சாப்பிடாவிட்டாலும் அடிப்படை இன்சுலினை நிறுத்தக் கூடாது. சாப்பிடவில்லையே என்று ஊசியை விடுவதால்தான் பலர் ஐ.சி.யூ.வுக்குப் போகிறார்கள். மூன்று மணிக்கொரு முறை சர்க்கரை பாருங்கள். 250க்கு மேல் என்றால் சிறுநீரில் கீட்டோன் பட்டை வைத்துப் பாருங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், கூடுதல் யூனிட் எவ்வளவு என்று டாக்டருக்குப் போன் செய்யுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாந்தி, வயிற்று வலி, மூச்சு இரைப்பு, கீட்டோன் பட்டையில் நடுத்தர அளவோ அதற்கு மேலோ, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் 108.

அறைத் தோழர் ஒருவருக்காவது இதைச் சொல்லிவையுங்கள்: சர்க்கரை 70க்குக் கீழே, நினைவு இருக்கிறது என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழைக்க வேண்டும்.

நீட் தேர்வு அறைக்குள் சர்க்கரை கொண்டுபோகலாமா?
— மாணவி, சேலம்

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சர்க்கரை மாத்திரை, பழம், ஒளி ஊடுருவும் தண்ணீர் பாட்டில் ஆகியவற்றுக்கு அனுமதி உண்டு. அந்த ஆண்டின் வழிமுறையை அச்செடுத்து, மருத்துவச் சான்றோடு கையில் வையுங்கள். வாசலில் நிற்பவருக்கு விதி தெரிந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். சி.பி.எஸ்.இ. பொதுத் தேர்வில் 2017 முதலே இது உண்டு.

எனக்கு 23 வயது. வீட்டில் வரன் பார்க்கிறார்கள், சுகரை மறைக்கச் சொல்கிறார்கள்.
— பெயர் வெளியிட விரும்பாதவர்

மறைக்காதீர்கள். மறைத்தால் புகுந்த வீட்டில் ஒளிந்து ஊசி போட வேண்டிவரும், முதலில் தவறுவது மதிய ஊசி. பிள்ளைக்கும் வருமா என்று கேட்பார்கள்: தாய்க்கு டைப் 1 இருந்தால் நூறில் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு வரலாம், தந்தைக்கு இருந்தால் ஐந்தாறு. வராமலிருக்கும் வாய்ப்பே மிக மிக அதிகம்.

கர்ப்பத்துக்கு முன்பே எச்பிஏ1சியை 6.5க்குக் கீழே கொண்டுவர முயலுங்கள். குழந்தையின் உறுப்புகள் உருவாவது முதல் சில வாரங்களில், பலருக்குக் கர்ப்பம் என்றே தெரிவதற்கு முன். கண் விழித்திரையையும் முன்பே பார்த்துவிடுங்கள், கர்ப்பத்தில் அந்தப் பாதிப்பு கூடலாம். சிறுநீரகத்துக்கென எனலாப்ரில், ராமிப்ரில் போடுபவர்கள் டாக்டரிடம் சொல்லி மாற்ற வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரையையும் கேட்டு வாங்குங்கள். இன்சுலின் குழந்தைக்குக் கெடுதல் இல்லை.

18 வயதில் மாறினேன். ஒரு வருடமாக எந்த டாக்டரிடமும் போகவில்லை, மெடிக்கலில் வாங்கி நானே போடுகிறேன். இப்போது போனால் திட்டுவார்களோ?
— இளைஞர், தஞ்சாவூர்

திட்டினாலும் போங்கள். இந்த வயதில் இப்படி இடைவெளி விழுவது உலகம் முழுக்க நடப்பதுதான், உங்கள் ஒருவர் குற்றம் இல்லை. "ஒரு வருடம் வரவில்லை, இன்சுலினை நிறுத்தவில்லை, இந்த டோஸ் போடுகிறேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டால் பேச்சு சிகிச்சைக்குத் திரும்பிவிடும். அன்றே எச்பிஏ1சி, சிறுநீர் ஆல்புமின், கிரியேட்டினின், கொழுப்பு, தைராய்டு பரிசோதனை கேளுங்கள். விழித்திரைப் பரிசோதனைக்குக் கண் மருத்துவர் கண்ணில் மருந்து விட்டுப் பார்க்க வேண்டும். சில மணி நேரம் பார்வை மங்கும், வண்டியில் தனியாகப் போகாதீர்கள்.

வெளியே வருவதற்குள் அடுத்த தேதியையும், காய்ச்சல் வந்தால் அழைக்க ஒரு எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.